சேற்றுக்கும் ரோட்டுக்கும் ஒரே வண்டி!

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவர் ஒருவரின் கருத்து)



நம் கல்லூரியில் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே இரண்டே இரண்டு கட்சிகள்தான் உண்டு. ஒன்று மைலேஜ் கட்சி. அப்பா ஓட்டிய நூறு சி.சி. வண்டியைப் பரம்பரைச் சொத்தாகப் பெற்றவர்கள் இதில் அடக்கம். மற்றொன்று பிக்கப் கட்சி. குனிந்து படுத்து ஓட்டுகிற வண்டி வைத்திருப்பவர்களும், அவர்கள் பின்சீட்டில் தொற்றிக்கொள்பவர்களும் இதில் உறுப்பினர்கள். இந்த இரண்டுக்கும் நடுவே சுயேச்சை வேட்பாளர் மாதிரி ஒரு வண்டி தனியாக நிற்கும். உயரமாய், ஒல்லியாய், முன்னால் கொக்கு மூக்குபோல மட்கார்டைத் தூக்கிக்கொண்டு... அதன் சொந்தக்காரன் அடியேன்தான்.

"என்ன மாப்ள, ஒட்டகம் வாங்கிட்டியா?" என்று முதல் நாள் கேட்டவர்கள் உண்டு. "இதுல ஏர் பூட்டி உழவு ஓட்டலாமா?" என்று கேட்ட விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. ஒர்க்‌ஷாப் அண்ணன் மட்டும் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, ஸ்போக்ஸைத் தட்டிப் பார்த்து, "தம்பி, வண்டி நல்லாத்தான் இருக்கு. ஆனா இத வெச்சு என்ன பண்ணப் போற?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி! வண்டி கைக்கு வந்து மூன்று மாதம், 3,400 கிலோமீட்டர் ஓடிவிட்டது. அந்தக் கேள்விக்கு இந்த மலர் வழியாகப் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறிய டூயல் ஸ்போர்ட் வண்டி பணக்காரப் பையன்களின் விளையாட்டுச் சாமான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தப்பு. நம் கிராமத்து ரோட்டுக்கும், நாம் படிக்கிற படிப்புக்கும் ஏற்ற வண்டி அது. ஆனால் எல்லா வீட்டுக்கும் ஏற்ற வண்டி அல்ல. இரண்டையும் விளக்குகிறேன். கேளுங்கள்.

இது என்ன சாதி வண்டி?

தார் ரோட்டிலும் ஓட வேண்டும், மண் ரோட்டிலும் ஓட வேண்டும், லைட், ஹாரன், நம்பர் பிளேட் எல்லாம் வைத்துச் சட்டப்படியும் ஓட வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் டூயல் ஸ்போர்ட். பந்தயத்துக்கு மட்டும் என்று வரும் மோட்டோகிராஸ் வண்டிக்கு ஹெட்லைட்டும் கிடையாது, பதிவு எண்ணும் கிடையாது. அதையும் வீட்டு வண்டியையும் கலந்து செய்த கலப்பினம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1968-இல் யமஹா கம்பெனி டி.டி.-1 என்று 250 சி.சி. டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்றை விட்டது. எடை குறைவு, விலையும் குறைவு. அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது. இந்த வகைக்கு உலகம் முழுக்க மவுசு வந்தது அதற்குப் பிறகுதான். நம் நாட்டுக்கு இந்த அலை வந்து சேர நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனது. 2011-இல் ஹீரோ கம்பெனி இம்பல்ஸ் என்ற 150 சி.சி. வகை வண்டியைக் கொண்டுவந்தது. பார்த்தவர்கள் எல்லாம் ரசித்தார்கள், ஆனால் வாங்கியவர்கள் குறைவு. சில வருஷத்தில் நின்றுபோனது. 2016-இல் ராயல் என்ஃபீல்டின் 411 சி.சி. ஹிமாலயன் வந்தது. 2019-இல் ஹீரோவே மறுபடி எக்ஸ்பல்ஸ் 200 என்று இறங்கியது. 2021 அக்டோபரில் அதற்கு நான்கு வால்வு இன்ஜின் வந்தது. 2025-இல் 210 சி.சி.யில், தண்ணீரால் குளிரவைக்கும் இன்ஜினோடு அதன் தம்பியும் வந்துவிட்டது.

நான் வாங்கியது 2022-இல் பதிவான நான்கு வால்வு எக்ஸ்பல்ஸ், செகண்ட் ஹேண்ட். 199.6 சி.சி., ஒற்றை சிலிண்டர், ஐந்து கியர். 8,500 சுற்றில் 19.1 பி.எஸ். சக்தி, 6,500 சுற்றில் 17.35 நியூட்டன் மீட்டர் டார்க். எடை 158 கிலோ.

பிக்கப் கட்சிக்காரர்கள் இங்கேயே சிரிப்பார்கள். "இருநூறு சி.சி.க்கு வெறும் பத்தொன்பது குதிரையா? எங்க வண்டி இருபத்தி நாலு மச்சி!" உண்மைதான். குதிரைக் கணக்கில் இந்த வண்டி தோற்கும். ஆனால் மற்ற எண்களையும் பாருங்கள். தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் இடைவெளி 220 மில்லிமீட்டர். நூறு சி.சி. வண்டிகளில் இது 160, 170 அளவில்தான் இருக்கும். முன் ஃபோர்க் 190 மில்லிமீட்டர் அமுங்கும், பின் ஷாக் மூலமாகப் பின்சக்கரம் 170 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 18 அங்குலம். இந்த வண்டியின் சூட்சுமம் எல்லாம் இந்த எண்களில்தான் இருக்கிறது.

அப்ளைடு மெக்கானிக்ஸ் வீண்போகவில்லை!

முதல் வருஷத்தில் ஒரு கணக்கு எல்லோரும் போட்டிருப்போம். உருளை ஒன்று படிக்கட்டு மாதிரி ஒரு கட்டையை ஏறித் தாண்ட வேண்டும். மையத்தில் கிடைமட்டமாக எவ்வளவு இழுவிசை வேண்டும்? படம் போட்டு, கட்டையின் விளிம்பில் மொமென்ட் எடுத்து, மார்க் வாங்கி, பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டோம். அந்தக் கணக்கு நான் தினமும் போகிற ரோட்டில் கிடக்கிறது!

சாதாரண வண்டியின் 17 அங்குலச் சக்கரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 100/80 டயரோடு சேர்த்து ஆரம் சுமார் 296 மில்லிமீட்டர். என் வண்டியின் 90/90 டயர் போட்ட 21 அங்குலச் சக்கரத்தின் ஆரம் சுமார் 348 மில்லிமீட்டர். எதிரே 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு கல். மொமென்ட் எடுத்துப் பாருங்கள். சிறிய சக்கரம் ஏற, அதன் மேல் உள்ள சுமையைப்போல 1.13 மடங்கு இழுவிசை வேண்டும். பெரிய சக்கரத்துக்கு 0.98 மடங்கு போதும். முன்சக்கரத்தில் 110 கிலோ சுமை என்றால் 124-க்கும் 108-க்கும் உள்ள வித்தியாசம். பதினாறு கிலோ!

இது நின்ற நிலையில் இருந்து ஏறுகிற கணக்குதான். ஓடுகிற வண்டியில் வேகம், ஸ்பிரிங், டயர் காற்று எல்லாம் சேரும். ஆனால் திசை ஒன்றுதான். சின்னச் சக்கரம் குழியில் இறங்கும், பெரிய சக்கரம் குழியின் மேல் நடக்கும். பிளாக்போர்டில் படித்ததை உள்ளங்கையில் உணர்ந்தபோது வந்த சந்தோஷம் இருக்கிறதே... அதை எந்த விளம்பரத்திலும் போட முடியாது.

நம்ம ரோடு என்ன சொல்கிறது?

விளம்பரங்களில் இந்த வகை வண்டிகளை லடாக்கில் ஓட்டுகிறார்கள். பனிமலை, நீல ஏரி, பின்னணி இசை. நமக்கு லடாக் எதற்குங்க? சேந்தமங்கலம் பக்கத்திலிருந்தும் ராசிபுரம் பக்கத்திலிருந்தும் வருகிற நம் பிள்ளைகளைக் கேளுங்கள். தார் ரோட்டை விட்டு இறங்கி நாலு கிலோமீட்டர் மண் ரோடு, அதில் பாதி ஏரிக்கரை, ஐப்பசி மழை பிடித்தால் களிமண். தார் போடப் போகிறார்கள் என்று ஜல்லியைக் கொட்டிவிட்டு ஆறு மாதம் ஆளைக் காணோம். பெயரே போடாத வேகத்தடைகள் வேறு!

இந்த வண்டியில் அந்த ரோடு ரோடாகவே தெரிகிறது. ஜல்லியில் ஃபுட்ரெஸ்ட் மேல் எழுந்து நின்று, முழங்காலை லேசாக மடக்கி, ஹேண்டில்பாரைப் பிடித்தும் பிடிக்காமலும் விட்டால் வண்டி தானாகவே வழி கண்டுபிடித்துக்கொள்கிறது. முன்சக்கரம் கொஞ்சம் ஆடும். ஆடட்டும் என்று விட வேண்டும். இறுக்கிப் பிடித்தால்தான் ஆபத்து. வழியில் நின்று பார்த்த பாட்டி ஒருத்தர், "ஏஞ் சாமி, உக்காந்து ஓட்டக் கூடாதா? மேல மரம் இடிக்கப் போவுது!" என்று அக்கறையாகக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

கொல்லிமலைக்கும் போய் வந்தேன். காரவள்ளி அடிவாரத்தில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஹேண்டில்பார் அகலம், வண்டி ஒல்லி. அதனால் வளைவில் திருப்புவது சைக்கிளைத் திருப்புவது மாதிரி சுலபம். இரண்டாம் கியர், மூன்றாம் கியர், மறுபடி இரண்டாம் கியர், அவ்வளவுதான் வேலை. மேலே போய்ச் செம்மேட்டைத் தாண்டியதும் மிளகுத் தோட்டமும் பலா மரமுமாக ஊர்களுக்குப் பிரிகிற மண் பாதைகள். அங்கே ஜனங்கள் பழைய வண்டிகளிலேயே மூட்டை ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் திறமைக்கு முன்னால் நம் சஸ்பென்ஷன் எல்லாம் ஒன்றுமில்லை!

நாலு வழிச்சாலையில் கதை வேறு. நாமக்கல் வழியாகப் போகிற 44-ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலையில் எண்பதில் போனால் சுகம். அதற்கு மேல் முறுக்கினால் காற்று நெஞ்சில் அடிக்கிறது. உயரமாக நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதால் நாமே பாய்மரம் மாதிரி ஆகிவிடுகிறோம். கன்டெய்னர் லாரி ஒன்று தாண்டிப் போனால் ஒரு தள்ளு தள்ளும். பெரிய கட்டிகளாக வெட்டிய டயர் மண்ணைப் பற்றுகிற அளவுக்கு நனைந்த தாரைப் பற்றாது. நீளமாக அமுங்குகிற ஃபோர்க் என்பதால் முன் பிரேக்கைப் பிடித்ததும் வண்டி தலை குனிந்து வணக்கம் போடும். இவை இந்த வகை வண்டிகளின் பிறவிக் குணங்கள். ஒன்று வேண்டும் என்றால் இன்னொன்றை விட வேண்டும். எல்லாம் நன்றாகச் செய்கிற மெஷின் உலகத்தில் கிடையாது என்பதுதானே டிசைன் பாடத்தின் முதல் பாடம்?

மைலேஜ் கட்சிக்கு ஒரு கணக்கு: எனக்கு லிட்டருக்கு 38 அளவில் கிடைக்கிறது. டேங்க் 13 லிட்டர். நூறு சி.சி. வண்டியோடு இதை ஒப்பிட்டால் மனசு வலிக்கும். ஒப்பிடாதீர்கள்.

வீட்டு வண்டியா இது?

இல்லை. இதைப் பச்சையாகச் சொல்வது என் கடமை.

சீட் உயரம் சுமார் 825 மில்லிமீட்டர். நான் ஐந்தடி ஐந்தங்குலம். இரண்டு காலையும் ஊன்றினால் கட்டைவிரல் மட்டும்தான் தரையைத் தொடும். சிக்னலில் சீட்டில் ஒரு பக்கமாக நகர்ந்து ஒரு காலை முழுசாக ஊன்றுவதுதான் வழி. இரண்டு நாளில் பழகிவிடும். ஆனால் சரிவில் நிறுத்தும்போது எந்தப் பக்கம் கால் வைப்பது என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும். பள்ளமான பக்கம் காலை நீட்டினால் தரை இருக்காது. 158 கிலோ சாய ஆரம்பித்தால் பிடிக்க முடியாது.

அப்பாவுக்குக் காலையில் பால் சொசைட்டிக்குப் போக வேண்டும். வேட்டியைக் கட்டிக்கொண்டு, பின்னால் கேனையும் வைத்துக்கொண்டு, இந்த உயரத்துக்குக் காலைத் தூக்கிப் போடுவது எப்படி? ஒரு நாள் முயற்சி செய்தார். இறங்கி நின்று, "வண்டி நல்ல வண்டிதான் சாமி. ஆனா எனக்கு ஏணி வேணும்" என்றார். பழைய மொபெட்டிலேயே போகிறார். அம்மா பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார வேண்டும் என்றால் திண்ணை ஓரமாகவோ மேடான இடமாகவோ பார்த்து வண்டியை நிறுத்த வேண்டும். உட்கார்ந்த பிறகும் புடவையைப் பிடிப்பதா, என்னைப் பிடிப்பதா என்ற பிரச்சினை.

ஆகவே, வீட்டுக்கு ஒரே வண்டி, அதில் அப்பா, அம்மா, அக்கா எல்லோரும் போக வேண்டும் என்கிற குடும்பத்துக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். "எனக்குப் பிடிச்சிருக்கு" என்று அடம் பிடித்து, அம்மாவை ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் அனுப்புகிற பிள்ளையாக யாரும் ஆகிவிடக் கூடாது. எங்கள் வீட்டில் மொபெட் ஒன்று ஏற்கனவே ஓடுகிறது. அதனால்தான் இது செல்லும்.

பஞ்சர் என்ற பரீட்சை

இந்த வண்டிகளில் ஸ்போக்ஸ் வீல். அலாய் வீல் பெரிய கல்லில் அடிபட்டால் விரிசல் விடும். ஸ்போக்ஸ் வீல் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், வளைந்தாலும் நெளிவு எடுத்துவிடலாம். ஆனால் ஸ்போக்ஸின் நிப்பிள் துளைகள் வழியாகக் காற்றுப் போகும் என்பதால் சாதாரணமாக இதற்குள் டியூப் போட்டே ஆக வேண்டும். டியூப்லெஸ் டயரில் ஆணி குத்தினால் பத்து கிலோமீட்டர் தள்ளிக்கூடப் போய்ச் சேரலாம். டியூப் டயரில் அந்த இடத்திலேயே 'புஸ்'!

எனக்கும் நேர்ந்தது. ஏரிக்கரையில் கருவேல முள். மாலை ஐந்தரை மணி. பஞ்சர் கடை ஆறு கிலோமீட்டருக்கு அப்பால். கடை பக்கத்தில் இருந்திருந்தாலும் 21 அங்குல டியூபை அங்கே வைத்திருப்பார்களா என்பது சந்தேகம். ஆனால் பையில் பழைய டயர் லீவர் இரண்டு, பேட்ச், சொல்யூஷன், கைப்பம்பு, 21 அங்குல ஸ்பேர் டியூப் ஒன்று எல்லாம் இருந்தன. (21 அங்குல டியூபை அவசரத்துக்குப் பின்சக்கரத்திலும் திணித்துச் சமாளிக்கலாம் என்று மெக்கானிக் அண்ணன் சொல்லிக்கொடுத்திருந்தார்.) கல் அடுக்கி முன்பக்கத்தைத் தூக்கி, ஆக்சிலைக் கழற்றி, டயரை ஒரு பக்கம் நெம்பி, டியூபை உருவி, முள் இன்னும் டயரில் இருக்கிறதா என்று உள்ளே விரலால் தடவிப் பார்த்து, புது டியூபைக் கொஞ்சமாகக் காற்றடித்து உள்ளே வைத்து... ஒரு மணி நேரம். இருட்டுவதற்குள் வீடு.

பெரிய வீரம் ஒன்றும் இல்லை. பஞ்சர் கடை அண்ணன்கள் இதைப் பத்து நிமிஷத்தில் செய்வார்கள். ஆனால் மூன்று வருஷம் மெக்கானிக்கல் படித்து, தேர்வு எழுதி, 'டிப்ளமோ ஹோல்டர்' என்று போர்டு மாட்டிக்கொள்கிற நம்மில் எத்தனை பேர் சொந்தக் கையால் ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருக்கிறோம்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்!

இந்த வகை வண்டியை நான் ஆதரிப்பதற்கு முக்கியக் காரணமே இதுதான். இன்ஜின் மூடி வைத்த பெட்டி இல்லை. எல்லாம் வெளியே தெரிகிறது. 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை செயினைத் துடைத்து எண்ணெய் விட்டு, தொய்வு பார்க்க வேண்டும். புழுதியில் ஓட்டினால் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஃபோர்க்கில் ஒட்டிய சேறு காய்வதற்குள் துடைக்க வேண்டும், இல்லையென்றால் ஆயில் சீல் போய்விடும். ஸ்போக்ஸை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். 'டிங்' என்றால் சரி, 'டொக்' என்றால் லூஸ். வாரா வாரம் கேட்கிற இந்தச் சங்கீதம் எந்த ஒர்க்‌ஷாப் ரெக்கார்டு நோட்டிலும் வராத பாடம்.

காசு விஷயம்

2021-இல் இந்த நான்கு வால்வு வண்டி வந்தபோது டெல்லி ஷோரூம் விலை சுமார் 1 லட்சத்து 28 ஆயிரம். அதன் பிறகு ஏறியது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் இன்சூரன்ஸ், ரோடு டாக்ஸ் எல்லாம் சேர்ந்தால் நம் வீடுகளுக்குச் சின்னத் தொகை இல்லை. என் வண்டி இரண்டு வருஷ லீவில் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டிங் அண்ணனுக்கு எடுபிடி வேலை பார்த்த காசு, மீதி அம்மா எடுத்த சீட்டுப் பணம். சீட்டு இன்னும் ஏழு மாதம் கட்ட வேண்டும். அந்தக் கணக்கு தெரிந்துதான் ஆக்சிலரேட்டரை முறுக்குகிறேன்.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வகை வண்டியை முதல் ஓனர் எங்கே ஓட்டினார் என்பது முக்கியம். ரிம்மில் நெளிவு, இன்ஜின் அடித்தகட்டில் கல் அடித்த தடம், ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, ஸ்டியரிங்கைத் திருப்பும்போது நடுவில் 'கடக்' என்று நிற்கிறதா என்று பாருங்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் நம்பரும் வண்டியில் அடித்திருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். "பெயிண்ட் பளபளன்னு இருக்கு" என்று மயங்காதீர்கள்.

வேகம் யாருக்கு வேண்டும்?

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். நம் ஊர்ப் பஸ் ஸ்டாண்டு சுவரில் மாதம் தவறாமல் 'கண்ணீர் அஞ்சலி' போஸ்டர் ஒன்று ஒட்டப்படுகிறது. படத்தில் நம் வயசுப் பையன். கூலிங்கிளாஸ் போட்டிருப்பான். பெரும்பாலும் தன் வண்டி மேலேயே சாய்ந்து நிற்பான். அந்த வண்டி வாங்கிய அன்று எடுத்த போட்டோவாக இருக்கும். கீழே 'ஆறாத் துயரில் நண்பர்கள்' என்று பத்துப் பேர் முகம். அந்தப் பத்துப் பேரில் நம் வகுப்புப் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்.

வண்டி ஆளைக் கொல்வதில்லை, ஓட்டுகிற விதம்தான் கொல்கிறது என்பார்கள். பாதி உண்மை. எதை ஓட்டுகிறோமோ அது நம் கையைப் பழக்குகிறது. நூற்றிருபது போகிற வண்டி நூற்றிருபது போகச் சொல்லிக் கூப்பிடும். இந்த ஒல்லி வண்டி அப்படிக் கூப்பிடுவதில்லை. இதன் சுகம் எல்லாம் முப்பதிலும் நாற்பதிலும்தான். சறுக்குகிற மண்ணில் இருபதில் போய்ப் பாருங்கள். கிளட்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை மெதுவாகத் தொட்டு, பார்வையைத் தூரத்தில் வைத்து... உடம்பு முழுக்க வேலை. கால் மணி நேரத்தில் வேர்த்துவிடும். 'த்ரில்' வேண்டும் என்கிறவர்களுக்கு அதுதான் த்ரில். எதிரே லாரி வராது, பின்னால் பஸ் வராது. விழுந்தாலும் முட்டிதான் சிராய்க்கும்.

உயரத்துக்கு ஆசைப்படுகிறவர்களுக்கும் இந்தத் துறையில் இடம் உண்டு. டக்கார் ராலி என்று ஒரு பந்தயம். 1978 டிசம்பரில் பாரிஸில் தொடங்கியது, 2020 முதல் சவுதி அரேபியாவின் பாலைவனத்தில் நடக்கிறது. இரண்டு வாரம், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். 2015-இல் சி.எஸ். சந்தோஷ் அதை முடித்த முதல் இந்தியர் ஆனார். 2024-இல் கேரளாவின் ஷொர்ணூரைச் சேர்ந்த ஹரித் நோவா அதில் ராலி-2 பிரிவையே ஜெயித்தார். பக்கத்து மாநிலத்துப் பையன்! அங்கே ஜெயிப்பதற்கு வேகம் மட்டும் போதாது. வழி கண்டுபிடிக்க வேண்டும், ராத்திரி வண்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், மறுநாள் காலையில் மறுபடி எழ வேண்டும். கடைத்தெருவில் ஒற்றைச் சக்கரத்தில் நிற்பவர்கள் யோசிக்கட்டும்.

சட்டமும் காடும்

முதலாம் ஆண்டுத் தம்பிகளே, உங்களுக்குத்தான் இது. பத்தாவது முடித்து நேராக வந்தவர்களுக்குப் பதினாறு வயசுதான் ஆகியிருக்கும். கியர் வண்டி லைசென்சுக்குப் பதினெட்டு ஆக வேண்டும். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 199-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள். மைனர் ஓட்டிக் குற்றம் நடந்தால் அப்பாவோ வண்டி ஓனரோ மூன்று வருஷம் வரை ஜெயிலுக்குப் போகலாம், 25 ஆயிரம் ரூபாய் அபராதமும் உண்டு. பையனுக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடைக்காது. வேலைக்குப் போகிற வயசில் லைசென்ஸ் இல்லாமல் நிற்பது எப்படி இருக்கும்? ஆகவே ஓட்டக் கேட்டால் நான் சாவி தர மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஹெல்மெட் முன்னால் இருப்பவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம். மண் ரோட்டில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று கழற்றி மாட்டாதீர்கள். கல்லுக்குச் சட்டம் தெரியாது. சைலன்சரை மாற்றி ஊரைக் கூட்டுகிற வேலையும் வேண்டாம். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. அதைவிட, தொட்டிலில் தூங்குகிற குழந்தையை எழுப்பிவிட்ட பாவம் பெரிசு!

காடு வேறு விஷயம். மண் ரோட்டில் போகிற வண்டி இருக்கிறது என்பதற்காகக் காட்டுக்குள் போகலாம் என்று அர்த்தமில்லை. காப்புக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். ஓடைக்குள் வண்டியை இறக்கித் தண்ணீர் தெறிக்க வீடியோ எடுப்பதைப் பார்க்கிறேன். அந்த ஓடைத் தண்ணீரைக் கீழே ஒரு ஊர் குடிக்கிறது. விதைத்த காட்டில் டயர் தடம் பதிப்பவனை விவசாயி வீட்டுப் பிள்ளை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஊர்ப் பொதுப்பாதை, வண்டிப்பாதை, ஏரிக்கரை... நமக்கு இவை போதும்.

முடிவாக...

யார் வாங்கலாம்? வீட்டுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே மண் ரோடு உள்ளவர்கள் வாங்கலாம். வண்டியைத் தானே கழற்றி மாட்ட ஆசைப்படுகிறவர்கள் வாங்கலாம். வீட்டில் இன்னொரு வண்டி இருந்து, கடனில்லாமல் சமாளிக்க முடிகிறவர்கள் வாங்கலாம்.

யார் வாங்க வேண்டாம்? தினமும் நாலு வழிச்சாலையிலேயே போய் வருகிறவர்கள், லிட்டருக்கு அறுபது எதிர்பார்க்கிறவர்கள், குடும்பமே ஒரே வண்டியை நம்பி இருக்கிறவர்கள், அப்பா தலையில் தவணையைக் கட்டிவிட்டு ரீல்ஸ் எடுக்க நினைக்கிறவர்கள். இந்த நாலு பேருக்கும் என் கும்பிடு.

ஒர்க்‌ஷாப் அண்ணன் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். இந்த வண்டியை வைத்து நான் காலையில் காலேஜுக்கு வருகிறேன், சாயங்காலம் மண் ரோட்டில் வீட்டுக்குப் போகிறேன், ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றிப் படிக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நண்பர்களே, எந்த வண்டி வாங்கினாலும் சரி, ஷோரூம் போஸ்டரைப் பார்த்து வாங்காதீர்கள். முதலில் உங்கள் ஊர் ரோட்டைப் பாருங்கள், பிறகு உங்கள் வீட்டு வரவு செலவைப் பாருங்கள், கடைசியாக வண்டியைப் பாருங்கள். வாங்கிய பிறகு வாரம் ஒரு நாள் கையில் ஸ்பேனர் எடுங்கள். யாராவது பஞ்சராகி நின்றால் என் நம்பரைக் கூப்பிடலாம். பம்ப் கொண்டுவருவேன். நெம்ப வேண்டியது நீங்கள்தான்!